கூந்தற்பனை

நர்சரிகளில் ‘ஃபிஷ்டெயில் பாம்’ என்று அட்டை கட்டி விற்கிறார்களே, அந்த மரத்துக்குத் தமிழில் கூந்தற்பனை என்று பெயர். ஆங்கிலப் பெயர் மீன்வால் போன்ற இலையைப் பார்த்து வந்தது. நம்முடையது, சடைசடையாகத் தொங்கும் பூங்குலையைப் பார்த்து. பழந்தமிழில் குதிரையின் பிடரிமயிரும் மயில்தோகையும்கூடக் கூந்தல்தான். பெண்ணின் தலைமுடி என்று பிற்பாடு சுருங்கிப்போயிற்று. இலங்கையில் இதன் சிங்களப் பெயரான ‘கித்துல்’ தமிழரிடமும் புழங்குகிறது. என்னை அதிகம் ஈர்ப்பது இன்னொரு சொல்: சோறு. கற்றாழையின் உள்ளீட்டையும் பனையின் உள்ளீட்டையும் நாம் சோறு என்றே சொல்கிறோம். மேற்குத்தொடர்ச்சி மலையில் காணிக்காரர், மலைப்பண்டாரம் ஆகிய பழங்குடியினர் கூந்தற்பனையின் சோற்றை உண்மையாகவே உண்டார்கள். மரத்தைப் பிளந்து, உள்ளே இருப்பதை இடித்து, தண்ணீரில் கரைத்து வடிகட்டினால் அடியில் வெள்ளை மாவு படியும். காயவைத்தால் கஞ்சிக்கும் களிக்கும் ஆகும். தானியம் தீர்ந்த மாதங்களில் அதுதான் உணவு. (பழத்தைத் தொடாதீர்கள், கை அரிக்கும்.) சோறு தந்த மரத்தை அழகுச்செடியாக மட்டும் விற்பது எனக்குப் பொறுக்கவில்லை. நர்சரிக்காரர்களே, அட்டையில் கூந்தற்பனை என்று எழுதுங்கள்.