கூடாரத்தைத் தின்ற பூஞ்சை

1943 நவம்பர் 1-ஆம் தேதி அமெரிக்கப் படை பூகன்வில் தீவில் இறங்கியது. நாம் வாசலில் வளர்க்கும் காகிதப்பூச் செடிக்குப் பெயர் கொடுத்த பிரெஞ்சுக் கடலோடியின் பெயரைத்தான் சாலமன் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த இந்த நிலமும் சுமக்கிறது. அங்கே ஜப்பானியரோடு நடந்த சண்டையைப் பற்றி அலமாரி நிறையப் புத்தகங்கள் உண்டு. நமக்கு வேண்டியது அந்தப் படைக்கு வாய்த்த இன்னொரு எதிரி.

கூடாரம், சீருடை, முதுகுப்பை, தோட்டா பெல்ட் எல்லாமே பருத்தி. பருத்தியில் 90 சதவீதத்துக்கு மேல் செல்லுலோஸ், அதாவது குளுக்கோஸ் கோத்த சங்கிலி. தென் பசிபிக்கின் ஓயாத மழையிலும் புழுக்கத்திலும் கித்தான் துணி நைந்து நைந்து கிழிந்தது. எத்தனை மூட்டை அனுப்பினாலும் கட்டுப்படியாகவில்லை. தளவாடங்களுக்குப் பொறுப்பான குவாட்டர்மாஸ்டர் பிரிவு, அழுகிய துணிகளைப் பொட்டலம் கட்டி அமெரிக்காவுக்கு அனுப்பி, அவற்றில் இருக்கும் பூஞ்சைகளைப் பிரித்து வளர்க்க ஏற்பாடு செய்தது. எதிரியை ஒழிக்க முதலில் எதிரியைத் தெரிந்துகொள்ள வேண்டுமல்லவா?

அப்படிச் சேர்ந்த ஆயிரக்கணக்கான பூஞ்சைகளில் ஒன்றுக்கு க்யூஎம்6ஏ என்று சீட்டு ஒட்டினார்கள். பூகன்வில் கூடாரத் துணியிலிருந்து எடுத்தது என்பார்கள் பெரும்பாலோர். தோட்டா பெல்ட் என்று எழுதியவர்களும் உண்டு. எதுவாயினும், செல்லுலோஸை உடைக்க உலகச் சந்தையில் இன்று விற்கும் செல்லுலேஸ் என்சைம்களில் பெரும்பங்கு இந்த ஒற்றைப் பூஞ்சையின் வாரிசுகளிடமிருந்துதான் வருகிறது.

அதை ஆராய்ந்தவர் எல்வின் ரீஸ். போர் முடிந்த பிறகு அமெரிக்க ராணுவத்துக்குப் பூஞ்சை ஒழிப்பில் இருந்த அவசரம் தணிந்துவிட்டது. ரீஸுக்குத் தணியவில்லை. பருத்தியைத் தின்னும் பூஞ்சைகளும் உண்டு; கரையும்படி மாற்றிய செல்லுலோஸை மட்டும் தின்று, பருத்தியைத் தொடாத பூஞ்சைகளும் உண்டு. இது ஏன் என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. 1950-இல் அவரும் இரு சக ஆய்வாளர்களும் ஒரு விளக்கம் சொன்னார்கள்: நெருக்கிக் கட்டிய செல்லுலோஸ் சங்கிலிகளை முதலில் ஏதோ ஒன்று தளர்த்துகிறது, அதன் பிறகே மற்ற என்சைம்கள் அறுக்கின்றன. அந்த ‘ஏதோ ஒன்று’ எது என்பதில் அறுபது ஆண்டுகள் சண்டை நடந்தது.

மாசசூசெட்ஸ் மாநிலம் நேட்டிக்கில் அமைந்த ராணுவ ஆய்வகத்தில் அவரோடு சேர்ந்தவர் மேரி மேண்டல்ஸ். என் கணக்கில் இந்தக் கதையின் நாயகி இவர்தான். என்ன தீனி போட்டால் பூஞ்சை அதிக என்சைம் சுரக்கும் என்பதை வருடக்கணக்கில் சோதித்தார். 1962-இல் சோபோரோஸ் என்ற அபூர்வமான சர்க்கரை அந்தச் சுரப்பைத் தூண்டிவிடுவதை இவரது குழு கண்டுபிடித்தது. 1973 எண்ணெய் நெருக்கடி வந்ததும், ராணுவம் ஒழிக்க நினைத்த பூஞ்சைக்குத் திடீரென்று மவுசு கூடியது. பழைய செய்தித்தாளைக் குளுக்கோஸாக மாற்றிக் காட்டினார்கள். குளுக்கோஸிலிருந்து ஆல்கஹால் எடுப்பது உலகம் அறிந்த வித்தைதானே! வடிதாளில் ஒரு சென்டிமீட்டர் அகலம், ஆறு சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு துண்டு வெட்டி, 50 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் என்சைமில் ஊறவைத்து, எவ்வளவு சர்க்கரை வந்தது என்று அளக்கும் முறையும் நேட்டிக்கில் உருவானதே. இன்றைக்கும் ஆய்வகங்களில் அந்தத் தாள் துண்டுதான் அளவுகோல். 1977-இல் இந்தப் பூஞ்சை தனி இனம் என்று தெரிந்ததும், ரீஸின் பெயரால் ட்ரைக்கோடெர்மா ரீசை என்று அழைக்கப்பட்டது.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் குளுக்கோஸ் இருந்தால் இந்தப் பூஞ்சை செல்லுலேஸ் தயாரிக்காது. சும்மா கிடைக்கும்போது எதற்காக உழைக்க வேண்டும்! ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் பிளாண்ட் மாண்டெனகோர்ட்டும் டக்ளஸ் எவலியும் அதன் வித்துகளைப் புற ஊதாக் கதிரில் காட்டினார்கள், மரபணுவைக் கெடுக்கும் ரசாயனத்தில் நனைத்தார்கள், மறுபடியும் கதிரில் காட்டினார்கள். மூன்று சுற்றுத் தேர்வில் கிடைத்ததே ரட்-சி30. குளுக்கோஸ் இருந்தாலும் என்சைம் சுரப்பது நிற்காத ரகம். உள்ளே எந்த மரபணு கெட்டது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. 1996-இல்தான் விடை வந்தது: குளுக்கோஸைக் கண்டதும் சுரப்பை நிறுத்தும் சிஆர்இ1 என்ற மரபணு பாதியில் அறுந்திருந்தது.

இதற்கிடையே மரபணுவையே பிரித்தெடுக்கும் காலம் வந்துவிட்டது. 1983-இல் கலிபோர்னியாவின் சீட்டஸ் நிறுவனமும் பின்லாந்தின் விடிடி ஆய்வு மையமும் பூஞ்சையின் முக்கிய செல்லுலேஸ் மரபணுவைத் தனித்தனியே குளோன் செய்தன. பூஞ்சை வெளியே சுரக்கும் புரதத்தில் பாதிக்கு மேல் இந்த ஒரே என்சைம், சிபிஎச்1. செல்லுலோஸ் சங்கிலியின் நுனியை ஊசிக் காதில் நூல் கோப்பதுபோல் தன் உடலில் இருக்கும் குகைக்குள் நுழைத்துக்கொண்டு, இரண்டிரண்டு குளுக்கோஸாக நறுக்கிக்கொண்டே போகும். அந்தக் குகையை 1990களில் ஸ்வீடனின் உப்சாலா குழுவினர் படமெடுத்துக் காட்டினார்கள்.

மரபணு கிடைத்தால் போதும், ஈஸ்ட்டில் புகுத்தி என்சைமைக் குடம் குடமாக எடுத்துவிடலாம் என்பதே அன்றைய கனவு. ஈஸ்ட் ஒப்புக்கொண்டு தயாரித்தது. ஆனால் சிபிஎச்1 மேல் தேவைக்கு மிஞ்சிய சர்க்கரையை ஒட்டிவிட்டது, அளவும் சொற்பம். பாக்டீரியாவோ அந்தப் புரதத்தைச் சரியாக மடிக்கவே திணறியது. கடைசியில் 1987-இல் மெர்ஜா பென்டிலாவின் குழு, மரபணுவைப் பூஞ்சைக்குள்ளேயே திருப்பிச் செலுத்தும் வழியைக் கண்டது. சுற்றிச் சுற்றி வந்து, பிறந்த வீட்டிலேயே விட்டார்கள். சிபிஎச்1 மரபணுவின் முன்னால் இருக்கும் தூண்டும் பகுதி அத்தனை வலுவானது. அதன் பின்னால் வேறு மரபணுவை இணைத்தால் அதையும் பூஞ்சை மும்முரமாகத் தயாரிக்கும்.

பணம் முதலில் வந்தது ஜீன்ஸில். சாயம் மங்கிய தோற்றத்துக்காகப் பியூமிஸ் கற்களோடு துணியை உருட்டிக்கொண்டிருந்த சலவை ஆலைகள், 1980களின் இறுதியில் செல்லுலேஸுக்கு மாறின. ஆனால் எல்லா என்சைமும் சேர்ந்து தாக்கினால் துணி பலவீனப்படும். அதனால் சிபிஎச் மரபணுக்களை நீக்கி, சங்கிலியை நடுவில் வெட்டும் என்சைம்களை மட்டும் கூட்டித் தரும் ரகங்களை உருவாக்கினார்கள். திருப்பூர் டி-ஷர்ட்டில் ‘பயோ வாஷ்’ என்று போட்டிருந்தால், செல்லுலேஸ் கொண்டு அதன் மேற்பரப்புப் பிசிறை அகற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

2008-இல் பூஞ்சையின் முழு மரபணுத் தொகுதியும் வாசிக்கப்பட்டது. ஏறத்தாழ 3.4 கோடி எழுத்துகள், 9,129 மரபணுக்கள். எல்லோரும் செல்லுலேஸ் மரபணுக்கள் குவிந்து கிடக்கும் என்று எதிர்பார்த்தார்கள். தாவரச் செல் சுவரைத் தின்னும் பூஞ்சைகளில் அதுவரை வாசித்தவற்றோடு ஒப்பிட்டால் இதில்தான் ஆகக் குறைவு! எத்தனை மரபணு என்பதில் இல்லை சூட்சுமம், இருக்கும் சிலவற்றை எவ்வளவு வேகமாக ஓட்டுகிறது என்பதில் இருக்கிறது.

ரீஸ் தேடிய ‘ஏதோ ஒன்று’? செல்லுலோஸை நீரால் உடைக்காமல், ஆக்சிஜனேற்றம் செய்து கீறும் ஒருவகை என்சைம் 2010, 2011-இல் பிடிபட்டது. அதுவரை சாதாரணச் செல்லுலேஸ் என்று பெயர் சூட்டப்பட்டிருந்த புரதங்களே அவை. அவை வேலை செய்யச் செம்பு வேண்டும். போர்க் காலத்தில் கூடாரத்தைக் காக்கப் பூசியதும் செம்புக் கலவைதான் என்பது வரலாற்றின் குறும்பு. ரீஸ் சொன்னது இதைத்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் அவர் காட்டிய திசை சரி.

எரிபொருள் கதை மட்டும் இன்னும் கரையேறவில்லை. 2000க்குப் பிறகு அமெரிக்க அரசு என்சைம் விலையைக் குறைக்கப் பெரும் பணம் கொடுத்தது. விலையும் பல மடங்கு குறைந்தது. ஆனாலும் அயோவா மாநிலத்தில் 2015-இல் திறந்த டூபான்ட் எத்தனால் ஆலையை 2017-இலேயே மூடப்போவதாக அறிவித்தார்கள். வைக்கோல் போன்ற பயிர்க் கழிவைச் சேகரித்து, கொண்டுவந்து, பதப்படுத்தும் செலவை மரபணுவால் குறைக்க முடியாது. நம் நாட்டில் 2022 ஆகஸ்டில் பானிபட்டில் தொடங்கிய ஆலை, ஆண்டுக்கு இரண்டு லட்சம் டன் நெல் வைக்கோலிலிருந்து மூன்று கோடி லிட்டர் எத்தனால் எடுக்கத் திட்டமிட்டது. வயலில் வைக்கோலை எரிப்பதைவிட அது நல்ல காரியம். லாபகரமான காரியமா என்பது வேறு கணக்கு.

அடுத்த வாரம், அதே போரின் இன்னொரு பூஞ்சை: 1943-இல் இலினாய் மாநிலம் பியோரியாவில் கிடைத்த அழுகிய முலாம்பழமும் பென்சிலினும்.