வராத ராபர்ட் ரிச்

1957 மார்ச் 27. ஆஸ்கர் விழாவில் சிறந்த மூலக்கதைக்கான விருது 'தி பிரேவ் ஒன்' படத்தின் ராபர்ட் ரிச்சுக்கு என்று அறிவித்தார்கள். ரிச் வரவில்லை. எழுத்தாளர் சங்கத்தின் சார்பில் மேடையேறிய ஜெஸ்ஸி லாஸ்கி ஜூனியர், ரிச்சின் மனைவிக்குப் பிரசவ நேரம் என்று சமாளித்தார். பிறகு சங்கத்தின் பதிவேட்டைப் புரட்டினால், அப்படி ஓர் உறுப்பினரே கிடையாது!

ரிச், படத்தைத் தயாரித்த கிங் சகோதரர்களின் சொந்தக்காரப் பையன். கதையை எழுதியவர் டால்டன் ட்ரம்போ.

1905-ல் கொலராடோவில் பிறந்த ட்ரம்போ, லாஸ் ஏஞ்சல்ஸ் பேக்கரி ஒன்றில் பல வருடம் இரவு வேலை பார்த்துக்கொண்டே எழுதிப் பழகியவர். 1940களில் எம்.ஜி.எம். நிறுவனம் திரைக்கதை ஒன்றுக்கு 75,000 டாலர் தரும் அளவுக்கு உயர்ந்தார். 1943-ல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 1947 அக்டோபரில் நாடாளுமன்ற விசாரணைக் குழு, 'கட்சி உறுப்பினரா?' என்று கேட்டபோது பதில் சொல்ல மறுத்தார். அவரைப் போலவே மறுத்தவர்களையும் சேர்த்துப் பத்துப் பேரைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்து ஸ்டுடியோக்கள் கதவைச் சாத்தின. பதில் சொல்ல மறுத்ததற்காக 1950-ல் ட்ரம்போ கென்டக்கி சிறைக்குப் போனார். (அந்தக் குழுவின் தலைவர் பார்னெல் தாமஸும் மோசடி வழக்கில் உள்ளே போனது தனிக்கதை.)

ஹாலிவுட்டுக்கு ஆகாதது அவருடைய பெயர்தான்; எழுத்து வேண்டியிருந்தது, அதுவும் மலிவாக. 'கன் கிரேஸி'க்குக் கிங் சகோதரர்கள் கொடுத்தது வெறும் 3,750 டாலர். டைட்டிலில் இன்னொருவர் பெயர். 'ரோமன் ஹாலிடே' கதையை நண்பர் இயன் மெக்லெலன் ஹண்டர் தன் பெயரில் விற்றுப் பணத்தை ட்ரம்போவிடம் கொடுத்தார். அதற்கும் ஆஸ்கர் கிடைத்தது, ஹண்டர் பெயரில். ட்ரம்போ இரவெல்லாம் குளியல் தொட்டியில் உட்கார்ந்து எழுதுவார். குறுக்கே ஒரு பலகை, அதன்மேல் டைப்ரைட்டர், வாயில் சிகரெட். பின்னாளில் நடிகர் கிர்க் டக்ளஸ் பரிசளித்த கிளியும் கூடச் சேர்ந்துகொண்டது.

ரிச் விவகாரம் வெடித்ததும் ட்ரம்போ செய்ததுதான் கெட்டிக்காரத்தனம். 'நீங்களா எழுதினீர்கள்?' என்று நிருபர்கள் கேட்டால் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வேறு எந்தப் படத்தைப் பற்றிக் கேட்டாலும் அதே மழுப்பல். நல்ல படமெல்லாம் அவர் எழுதியதாக இருக்குமோ என்று ஊர் பேச ஆரம்பித்தது. கறுப்புப் பட்டியலைக் கண்டனக் கூட்டங்களைவிட இந்தக் கேலி அதிகம் அரித்தது என்றே சொல்லவேண்டும். பட்டியலில் உள்ளவர்களுக்கு விருது கிடையாது என்ற விதியை 1959 ஜனவரியில் ஆஸ்கர் அகாடமி நீக்கியது. சில நாட்களில் ட்ரம்போ தானே ரிச் என்று ஒப்புக்கொண்டார்.

1960-ல் இயக்குநர் ஓட்டோ பிரெமிங்கரின் 'எக்ஸோடஸ்', டக்ளஸ் தயாரித்து நடித்த 'ஸ்பார்டகஸ்' இரண்டிலும் அவர் பெயர் திரையில் வந்தது. பட்டியலை உடைத்தது யார் என்ற பெருமைக்கு இரு தரப்பும் போட்டியிட்டன. பிரெமிங்கர் முதலில் அறிவித்தார், டக்ளஸின் படம் முதலில் வெளியானது.

'பிரேவ் ஒன்' விருது 1975-ல் அவர் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டே காலமானார். 'ரோமன் ஹாலிடே' ஆஸ்கரை அகாடமி 1993-ல் அவர் மனைவி கிளியோவிடம் கொடுத்தது. அந்தப் படத்தின் கதாசிரியர் ட்ரம்போதான் என்று எழுத்தாளர் சங்கம் அறிவிக்க 2011 ஆனது.