ஈஸ்டர் தீவின் மண்

இரு புரதங்கள் உயிரணுவுக்குள் நெருங்குகையில் ஒரு வினை தொடங்குகிறது. அந்நெருக்கம் வினைக்குக் காரணமா, வெறும் உடனிகழ்வா? பார்த்துக்கொண்டிருப்பதால் மட்டும் இதற்கு விடை கிடைக்காது. நாமே அவற்றைச் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

சேர்க்கும் பொருள் மண்ணில் இருந்தது. 1964-இல் ஈஸ்டர் தீவுக்குச் சென்ற கனடாவின் மருத்துவக் குழுவொன்று அங்கிருந்து மண் கொணர்ந்தது. அதிலிருந்த பாக்டீரியா ஒன்றிலிருந்து, மாண்ட்ரியால் நகரின் அயர்ஸ்ட் ஆய்வகத்தில் சுரேந்திரநாத் சேகலின் குழு ஒரு பூஞ்சைக்கொல்லியைப் பிரித்தெடுத்தது. தீவின் பெயரான ராப்பா நூயியை ஒட்டி அது ராப்பாமைசின் ஆயிற்று. 1980களின் தொடக்கத்தில் ஆய்வகம் மூடப்பட்டபோது, சேகல் அந்நுண்ணுயிரைத் தம் வீட்டு உறைபெட்டியில் காத்துவைத்தார்.

1993-இல் ஷ்ரைபர், கிராப்ட்ரீ குழுவினர், எஃப்கே506 என்னும் ஒத்த மருந்தின் இரு மூலக்கூறுகளைப் பிணைத்தனர். அதன் இரு முனைகளும் எஃப்கேபிபி என்னும் புரதத்தைப் பற்றுபவை. அப்புரதத்தை ஒட்டவைத்த ஏற்பிகள் இணைந்தன. உயிரணுவுக்குள் சமிக்ஞை எழுந்தது. நெருக்கமே காரணம் என்பது உறுதியாயிற்று.

ராப்பாமைசினுக்கு அந்த இரு முனைகளும் இயற்கையிலேயே உண்டு: ஒன்று எஃப்கேபிபியையும், மற்றது எம்டார் புரதத்தையும் பற்றும். 1996-இல் அதைக்கொண்டே இரு வேறு புரதங்களைச் சேர்த்து மரபணுவை இயக்கிக் காட்டினர். சேகல் 2003-இல் மறைந்தார். அவர் உறையவைத்துக் காத்த பொருள் இன்றும் உயிரணு ஆய்வகங்களில் புரதங்களை இணைசேர்த்துக்கொண்டிருக்கிறது.