சொட்டு நீர் வந்த வழி



கொல்லையில் நாலு கத்தரி, நாலு தக்காளி வைக்கிறோம். அதற்குக் குடம் குடமாகத் தண்ணீர் சுமப்பவர்கள் வீட்டுப் பெண்கள்தான். அதில் ஒரு பகுதி வெயிலில் ஆவியாகிறது, இன்னொரு பகுதி களைக்குப் போகிறது. வேருக்கு மட்டும் மெதுவாகக் கொடுத்தால் போதாதா என்கிறீர்களா? அந்த யோசனை மிகப் பழையதுங்க.

சீனாவில் கி.மு. 1-ஆம் நூற்றாண்டில் எழுதிய வேளாண் நூலிலேயே வழி சொல்லியிருக்கிறது. மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, நீர் நிரப்பி, ஓட்டால் மூடிச் சுற்றிலும் கொடி விதை ஊன்று என்கிறது. புதுப்பானை கசியும் என்பது நமக்கும் தெரிந்த சங்கதிதானே!

பிறகு 1930-களில் இஸ்ரேல் பகுதியில் சிம்கா பிளாஸ் என்ற பொறியாளர் ஒரு மரத்தைக் கண்டார். பக்கத்து மரங்களைவிட அது செழித்திருந்தது. காரணம், அடியில் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. மேலே ஈரம் கொஞ்சம்தான். உள்ளேயோ வேர் முழுக்க ஈரம்.

அப்படியானால் அப்போதே சொட்டு நீர் ஏன் வரவில்லை? குழாயில் சின்னத் துளை போட்டால் தூசி அடைக்கும். பெரிய துளை போட்டால் தண்ணீர் பீச்சும். போருக்குப் பின் பிளாஸ்டிக் மலிவானது. பிளாஸ் துளையைச் சுருக்காமல், தண்ணீர் போகும் பாதையை நீளமாகச் சுற்றிவிட்டார். வேகம் தணிந்து நீர் சொட்டியது. 1965-இல் நெகேவ் பாலைவனத்து ஹட்சரிம் கூட்டுப்பண்ணையில் உற்பத்திக்கு ஏற்பாடானது.

இனி உங்கள் தோட்டத்துக் கணக்கைப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டரில் ஊற்றும் 1 லிட்டர், 1 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். கோடையில் வளர்ந்த காய்கறிக்கு நாளைக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் வேண்டும். 10 சதுர மீட்டர் பாத்திக்கு 50 லிட்டர் ஆகிறது. 25 செடிக்கு மணிக்கு 2 லிட்டர் விடும் சொட்டுவான் வைத்தால் ஒரு மணி நேரம் போதும்.

ஆனால் மேடையில் டிரம் வைத்துப் பாய்ச்சினால் அழுத்தம் குறைவு. சொன்ன அளவு வராது. சொட்டுவானின் கீழே டம்ளர் வைத்து 10 நிமிடம் பிடித்து, ஆறால் பெருக்குங்கள். அதுதான் உண்மையான அளவு. பாத்தியின் கடைசிச் செடியிலும் இப்படிப் பிடித்துப் பாருங்கள். டிரம்மில் ஊற்றும்போதே துணியால் வடிகட்டுங்கள். இல்லாவிட்டால் சொட்டுவான் அடைத்துக்கொள்ளும்.

குழாய்க்குக் காசில்லையா? சாயம் பூசாத மண்பானை ஒன்றைப் புதைத்துத் தொடங்குங்கள். பானையானாலும் குழாயானாலும் தத்துவம் ஒன்றுதான்: தண்ணீர் மண்ணுக்கல்ல, வேருக்கு. இதைப் புரிந்து செய்தால் நம் வீட்டுப் பெண்கள் சுமக்கும் குடங்கள் குறையும்.