பின்னாலிருந்து எண்ணிய டாக்டர்

"பீரியட்ஸ் ஒழுங்கா வராது, அதனால கரு நிக்காது"ன்னு தைரியமா இருக்கீங்களா? கொஞ்சம் ஜப்பான் போயிட்டு வருவோம்.

கருமுட்டை எப்போ வெளியாகுதுன்னு 100 வருஷம் முன்னாடி மருத்துவர்களுக்கே குழப்பம்தான். நீகாட்டா நகரத்து மகப்பேறு மருத்துவர் கியூசாகு ஓகினோ, ஆபரேஷனுக்கு வந்த பெண்களோட சினைப்பையைப் பார்த்துப் பார்த்து 1924ல் விடை சொன்னார்: அடுத்த மாதவிடாய்க்கு 12 முதல் 16 நாள் முன்னாடி.

கவனிங்க, போன பீரியட்ஸ்ல இருந்து எண்ணல. வரப்போறதுல இருந்து பின்னோக்கி எண்ணினார். சுழற்சி 28 நாளோ 45 நாளோ, பின்பாதி பெருசா மாறாது, இழுக்கிறது முன்பாதிதான்.

அப்போ அடுத்தது எப்போன்னே தெரியாதவங்க "சேஃப் நாள்" எப்படிங்க எண்ணுறது? முட்டை வர்ற மாசம் சொல்லிட்டு வராது. கருத்தடைக்கு என் கணக்கை நம்பாதீங்கன்னு ஓகினோவே எதிர்த்தார் (யார் கேட்டா!).

நாள் தள்ளினா "எனக்கு எப்பவும் இப்படித்தான்"னு உட்கார்ந்திருக்காம, யூரின் டெஸ்ட் பண்ணிடுங்க.