தணிக்கையாளர் காத்த குரல்கள்

முதலாம் உலகப் போருக்குப் பிரான்சு சென்ற இந்தியச் சிப்பாய்களைப் பற்றி இலண்டன் பிரித்தானிய நூலகத்திலே இருவகைச் சான்றுகள் உள. ஒன்று, 1915இல் கேர்ட்வுட் என்பார் அரசின் பிரசாரத்துக்காக எடுத்த புகைப்படங்கள். அவற்றுட் சில போர்க்காட்சிகள் போர்முனைக்குப் பின்னால் நடித்துக் காட்டப்பட்டவை. பேரரசு காட்ட விரும்பிய சிப்பாயையே அங்குக் காண்கிறோம். நம் பாடநூல்கள் நாடுவதும் இத்தகைய படங்களைத்தான்!

மற்றையவை கடிதங்கள். சரியாகச் சொல்வதாயின், 1914 முதல் 1918 வரை தபாற் தணிக்கையாளர் ஆங்கிலத்திற் பெயர்த்துத் தொகுத்த பகுதிகள். எழுத்தறியாத பஞ்சாப் விவசாயி சொல்ல, எழுதத் தெரிந்த தோழன் எழுதினான். அதிகாரி பிரித்துப் படித்தான். இத்தனை கை மாறியும் குரல் மாயவில்லை. 1915 மார்ச்சில் நியூவ் சப்பேல் சமரிலே மட்டும் இந்தியப் படைப்பிரிவு, மாண்டோரும் காயமுற்றோருமாக 4,000 பேருக்கு மேல் இழந்தது. படையிற் சேரவேண்டாமென்று ஊரிலுள்ள உறவினரை எச்சரித்தோர் பலர். நேரே எழுத அஞ்சியோர் இந்தியரைக் கருமிளகென்றும் வெள்ளையரைச் செம்மிளகாயென்றும் குறித்தனர். கருமிளகு தீர்ந்துபோயிற்றென ஒருவன் வீட்டுக்கு அறிவித்தான்.

அம்மறைபொருள் தணிக்கையாளருக்கு நன்கு விளங்கிற்று. பெயர்த்தெழுதி, அறிக்கையோடு சேர்த்து, மேலிடத்துக்கு அனுப்பிவைத்தார். அப்பிரதியே இன்று எஞ்சியிருப்பது.