காற்றலை யாருக்குச் சொந்தம்?



வீட்டில் ஒரு வானொலிப் பெட்டி வைத்திருக்க உரிமம் வாங்கிய காலத்தை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் பணம் கட்டி, சிறு புத்தகத்தில் முத்திரை வாங்கி வந்தோம். 1985இல்தான் அந்தக் கட்டணம் நீங்கியது. பாட்டுக் கேட்பதற்கு அரசின் அனுமதி எதற்கு?

1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம், தந்தி நடத்தும் உரிமை முழுவதும் அரசுக்கே என்றது. அப்போது மார்க்கோனி 11 வயதுச் சிறுவன். பின்னாளில் வானொலி வந்தது, தொலைக்காட்சி வந்தது. ஆங்கிலேயர் தந்திக் கம்பிக்காக எழுதிய அந்தச் சட்டமே இரண்டையும் ஆண்டது. சென்னையில் 1924இல் ஆர்வலர் சிலர் கூடி வானொலிக் கழகம் அமைத்து ஒலிபரப்பியதும் உண்டு. பணமின்றி அது நின்றுபோனது.

அரசின் கையில் மட்டுமே ஒலிவாங்கி இருந்தால் என்ன ஆகும் என்பதை 1975இல் கண்டோம். ஜூன் 26 காலை நெருக்கடி நிலையை வானொலியில்தான் கேட்டோம். மறுத்துப் பேசும் குரல் அந்த வானொலியில் இல்லை. பிறகு வர்கீஸ் குழு 1978இல் தன்னாட்சி கேட்டது. பிரசார் பாரதி சட்டம் 1990இல் நிறைவேறியும், நடைமுறைக்கு வர 1997 ஆயிற்று. ஆட்சிக்கு வந்த எவருக்கும் வானொலியைக் கைவிட மனம் வரவில்லை போலும்!

கதவைத் திறந்தது, வேடிக்கையாக, கிரிக்கெட். 1993இல் வங்காளக் கிரிக்கெட் சங்கம் ஹீரோ கோப்பைப் போட்டிகளை ஒளிபரப்பும் உரிமையை வெளிநாட்டு நிறுவனத்துக்கு விற்றது. தூர்தர்ஷன் எதிர்த்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 1995 பிப்ரவரி 9 அன்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள்: காற்றலைகள் பொதுச் சொத்து, அரசோ தனியாரோ அவற்றைத் தனியுரிமை கொண்டாட முடியாது, பொதுநலன் காக்கும் அமைப்பு ஒன்று அவற்றை ஒழுங்குபடுத்த வேண்டும்.

2004இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் வளாகச் சமூக வானொலி ஒலித்தது. 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்தது. இன்று பாம்பனில் மீனவர்களுக்கென்றே 'கடல் ஓசை' ஒலிக்கிறது.

ஆனாலும் சமூக வானொலி தானே செய்தி திரட்டி வாசிக்க இன்றும் அனுமதியில்லை. வானிலை சொல்லலாம். நாட்டு நடப்பு என்றால் ஆகாசவாணியின் செய்தியை அப்படியே, அல்லது உள்ளூர் மொழியில் பெயர்த்து, அஞ்சல் செய்யலாம். நாளிதழுக்கு இல்லாத இந்தத் தடை வானொலிக்கு மட்டும் ஏன் என்ற கேள்வி இன்னும் தீரவில்லை.